மார்ச் இருபத்தொன்றுக்கான சாக்ஸ்

ஜனவரி 2, வெள்ளி

மஞ்சிக்குட்டி, இன்றைக்கு மறுபடியும் கம்பெனிக்குப் போய்விட்டேன். நாற்பது நாள் வீட்டில் உட்கார்ந்தது போதும் என்று நானேதான் கிளம்பிப் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

இந்த டைரி அங்கே கொடுத்தது. பையர் அனுப்பினதாம். பையர் என்றால் எங்கள் கம்பெனி பின்னுகிற சாக்ஸை வாங்கி அவன் ஊரில் விற்கிறவன். நம் ஊர் டைரி மாதிரி ராகு காலம், எமகண்டம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஓர் உடுப்புப் படம், பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ. ஹேமலதா மேடம்தான் சொன்னார். பையரோடு பேசி ஆர்டரை எங்களுக்கு விளக்குகிற வேலை அவருடையது. அந்த ஊர்களில் தினம் ஏதாவது ஒரு நாளாம். தொப்பிக்கு ஒரு நாள், புள்ளி போட்ட துணிக்கு ஒரு நாள், நாய்க்குச் சட்டை போட ஒரு நாள். அந்தந்த நாளுக்கு அந்தந்த உடுப்பைக் கடையில் தொங்கவிடுவார்களாம்.

"மே மாசத்துல பேண்ட் போடாத நாள்னு ஒண்ணு இருக்கு" என்றார் மேடம்.

"எங்கூட்டுக்காரருக்கு அது தினமும்தானுங் மேடம். வேட்டி ஒரு பக்கம் கெடக்கும், அவரு ஒரு பக்கம் கெடப்பாரு" என்றாள் சுபத்ரா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

சுபத்ரா எனக்குப் பக்கத்து டேபிள். பதினோரு வருஷமாக. இரண்டு பேருக்கும் ஜோடி சேர்க்கிற வேலை. ஒரு சாக்ஸை எடுத்து, இன்னொன்றை எடுத்து, நீளம் பார்த்து, பிசிறு பார்த்து, சேர்த்து ஊசி மாட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். பெட்டி நிறைந்தால் மேலே அவரவர் நம்பர் ஸ்டிக்கர். லீவு நீண்டு போனதால் என் நம்பரைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டார்களாம்.

"புது நம்பர் வர்ற வரைக்கும் என் ஸ்டிக்கரையே ஒட்டுக்கா. நம்மளுக்குள்ள என்ன" என்றாள்.

யார் இறந்தது என்று கேட்டார்கள். ஊரில் பெரியம்மா என்றேன்.

உனக்குப் படிக்கத் தெரியாது. எனக்கும் ஆறாவது வரைக்கும்தான். பரவாயில்லை, எழுதுகிறேன்.

ஜனவரி 3, சனி

இது தூங்குகிற நாளாம். படத்தில் ராத்திரிச் சட்டை போட்ட ஒரு பெண் கண்ணை மூடிக் கிடக்கிறாள். இந்தப் பக்கத்தில் எழுத மாட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

புது ஆர்டர். மஞ்சளில் புள்ளி, நீலத்தில் கோடு, இன்னும் இரண்டு தினுசு. ஹேமலதா மேடம் சாம்பிள் போர்டை நிறுத்தி வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசினார். காலையில் கேஸை அணைத்தேனா இல்லையா என்று எனக்குச் சந்தேகம். அதையே யோசித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் நினைவு வந்தது, காலையில் நான் அடுப்பே பற்ற வைக்கவில்லை. ஒரு ஆளுக்கு என்ன அடுப்பு.

பேசி முடித்து "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். புரிந்தது என்றோம்.

ஜனவரி 8, வியாழன்

மிஷினிலிருந்து வருகிற கூடையெல்லாம் கலைந்து கலைந்து வருகிறது. மஞ்சளும் நீலமுமாகப் பின்னிக் கிடக்கிறது. யாரோ அக்கறை இல்லாமல் போட்டு அனுப்புகிறார்கள். நான் ஒவ்வொன்றாகப் பிரித்து, மஞ்சளோடு மஞ்சள், நீலத்தோடு நீலம் என்று சேர்த்தேன். மூன்று நாளாக இதே வேலை. கண் எரிந்தது. ஆனாலும் ஒன்றுகூடத் தவறவில்லை. நீ போன பிறகு இன்றைக்குத்தான் ஒரு காரியம் ஒழுங்காகச் செய்தேன் என்று இருந்தது.

ரேஷன் கடையில் பச்சரிசி வந்துவிட்டது. வாங்கவில்லை.

ஜனவரி 14, புதன்

போகி. படத்தில் ஒரு நாய் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வளர்க்கிற பிராணிக்கு உடுத்திப் பார்க்கிற நாளாம்.

"இதென்னக்கா அதிசயம்? நாளை மக்யா நாள், மாட்டுப் பொங்கலன்னிக்கு, நம்ம மாட்டுக்குக் கொம்புல பெயிண்ட் அடிச்சு, கழுத்துல சலங்கை கட்டி, நெத்தியில பொட்டு வெக்கறதில்ல? அவங்க நாயிக்குப் பண்றாங்க, அவ்வளவுதான்" என்றாள் சுபத்ரா. அப்புறம், "பொங்கலுக்கு எங்கூட்டுக்கு வந்துரு. புள்ளையா குட்டியா, தனியா உக்காந்து மோட்டு வளையப் பாத்துட்டு இருப்பியா?" என்றாள்.

அவள் மனசில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. நான் சொல்லி வைத்ததைத்தான் அவள் சொல்கிறாள்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் வைக்கவில்லை. பால் வாங்கினேன், காய்ச்சினேன், ஆறிப் போய்விட்டது. டைரியில் தொப்பி.

ஜனவரி 22, வியாழன்

மஞ்சி, ஒரு தப்பு நடந்துவிட்டது.

டைரியில் இன்றைக்குப் புள்ளிச் சட்டை. காலையில் ஹேமலதா மேடம்கூட வெள்ளைப் புள்ளி போட்ட நீலச் சுடிதாரில் வந்தார். பதினோரு மணிக்குப் பையர் ஆபீஸிலிருந்து சரக்கைச் சோதிக்க ஒருத்தர் வந்தார். பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். மேடத்தைக் கூப்பிட்டார். மேடம் சூப்பர்வைசர் கதிரேசனைக் கூப்பிட்டார். அவர் போட்ட சத்தத்தில் மிஷினையே நிறுத்திவிட்டார்கள்.

"ஜோடி மாத்திப் போடற ஆர்டர்ம்மா இது! ஒரு காலுக்கு மஞ்சள், ஒரு காலுக்கு நீலம்! பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாங்கல்ல? முப்பத்தெட்டுப் பெட்டி, ஒரே கலரா ஜோடி சேத்து வெச்சிருக்கீங்க. எந்தக் கை இதைச் செஞ்சுது?"

என் கை டேபிளுக்கு அடியில் இருந்தது.

வேண்டுமென்றே ஜோடி மாறின சாக்ஸ். அப்படியும் ஒரு நாள் இருக்கிறதாம், மார்ச் இருபத்தொன்று. அன்றைக்கு எல்லோரும் ஒரு காலுக்கு ஒன்று, மறு காலுக்கு வேறொன்று போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார்களாம். கூடை கலைந்து வரவில்லை, மஞ்சி. பாதிக்குப் பாதி எண்ணித்தான் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அதை நான் உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன்.

"இருபத்தெட்டாந்தேதி கண்டெய்னர் கெளம்பணும்" என்றார் கதிரேசன். "அந்தக் கப்பலை விட்டா மார்ச் இருபத்தொண்ணுக்கு முன்னால கடைக்குப் போய்ச் சேராது. அதுக்கப்புறம் அது யாருக்கு வேணும்? பொங்கல் முடிஞ்சு கரும்பை வெச்சுக்கிட்டு நிக்கற மாதிரிதான். இதுக்குக் காரணமான ஆளு இந்தக் கேட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டிலும் சுபத்ரா நம்பர்.

ஜனவரி 23, வெள்ளி

நான் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். சத்தியமாக.

காலையிலேயே சுபத்ராவை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். முகம் கறுத்திருந்தது. டேபிளில் உட்கார்ந்து மஞ்சளையும் நீலத்தையும் எடுத்து ஜோடி மாற்றிப் போட ஆரம்பித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"நம்பர் உன்னுதான்னு கேட்டாங்க. என்னுதுதான்னேன். பக்கத்துல வேற யாராச்சும் உன் ஸ்டிக்கரை ஒட்டுனாங்களான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலைன்னேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் யோசிச்சுச் சொல்லுன்னுட்டாரு." டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே பேசினாள். "நான் குடியிருக்கிறது கம்பெனி லைன் வீடு. வேலை போனா வீட்டையும் காலி பண்ணோணும். அவரு இடுப்பு ஒடிஞ்சு படுத்துக் கெடக்கறாரு. ரெண்டும் பொட்டப்புள்ளைக. பரீட்சை நேரம். எல்லாம் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏங்க்கா வாயத் தொறக்க மாட்டேங்கற? பதினோரு வருஷமா ஜோடி சேக்கற கை அது. உனக்கா தெரியாம போச்சு? அன்னிக்கு மேடம் சொல்றப்ப எங்கதான் போயிருந்தே?"

எங்கே போயிருந்தேன் என்று சொல்ல வேண்டுமானால் உன்னைச் சொல்ல வேண்டும். உன்னைச் சொன்னால் பெரியம்மா பொய் என்று ஆகும். அதற்கு முன்னால் சொன்னது எல்லாம் பொய் என்று ஆகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். உன்னைப் பெற்றது என் குற்றம் என்று சொல்லிவிட்டு உங்கப்பா போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. இல்லை என்றேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அது தானாகவே ஓடியது.

"சொல்றேன்" என்றேன்.

"எப்போ?"

நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதிரேசன் கையில் வேலையை விட்டு நிறுத்துகிற பேப்பரோடு வந்தார். சுபத்ரா கையெழுத்துப் போட வேண்டும். அதே நேரத்தில் பிரஸ்ஸிலிருந்து அட்டைக் கட்டு வந்து இறங்கியது. ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே மாட்டுகிற அட்டை. இது மட்டும்தான் பாக்கி இருந்தது. ஹேமலதா மேடம் ஒரு கட்டைப் பிரித்தார்.

அட்டையில் நீ இருந்தாய்.

நீ இல்லை, ஒரு வெள்ளைக்காரப் பெண். பத்து வயசு இருக்கும், செம்பட்டை முடி. ஆனால் அந்தக் கண், அந்த மூக்கு, சிரிக்கும்போது நாக்கு கொஞ்சம் வெளியே தெரிகிறது, கழுத்தே இல்லாத மாதிரி தோள் ஏறி இருக்கிறது. ஒரு காலில் மஞ்சள், ஒரு காலில் நீலம். இரண்டு காலையும் தூக்கிக் காட்டுகிறாள்.

"இந்தப் பிள்ளைங்களுக்கான நாள்தான் இது" என்று மேடம் படித்துச் சொன்னார். "நம்ம உடம்புல குரோமோசோம்னு இருக்கில்ல, அது எல்லாருக்கும் ஜோடி ஜோடியா இருக்குமாம். பாத்தா சாக்ஸ் மாதிரியே இருக்குமாம். இவங்களுக்கு இருபத்தொண்ணாவது இடத்துல மட்டும் மூணு. ஒண்ணு கூட. அதனாலதான் மூணாவது மாசம், இருபத்தொண்ணாந்தேதி. ஜோடி மாறின சாக்ஸைப் பாத்து யாராவது ஏன்னு கேப்பாங்க, கேட்டா இவங்களைப் பத்திச் சொல்லலாம். அதுக்குத்தான்."

அட்டை கை மாறி வந்தது. கதிரேசன் வாங்கிப் பார்த்தார்.

"ஓ, இந்த லூசுப் புள்ளைங்களா? இதுங்களுக்குச் சாக்ஸு ஒண்ணுதான் கொறச்சல். சரி சரி, சுபத்ரா, கையெழுத்தைப் போடு."

சுபத்ரா பேனாவை வாங்கிவிட்டாள். வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தது எனக்குத் தெரியாது. ஸ்டூல் கீழே விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது.

"அந்தப் பெட்டியெல்லாம் நான் போட்டதுங்க. அவ நம்பரை நான்தான் ஒட்டினேன். எனக்கு நம்பர் இல்லைன்னு அவ குடுத்தா."

"ரெண்டு நாளா வாயில என்ன வெச்சிருந்த?" என்றார் கதிரேசன்.

"மேடம் சொன்னது காதுல விழலைங்க. எம்மக நெனப்புல இருந்தேன்."

சுபத்ராதான் கேட்டாள்.

"உனக்கேது மக?"

"இருந்தா. பத்தொம்பது வயசு. மஞ்சரின்னு பேரு. வாயில வராது, மஞ்சின்னுதான் சொல்லுவா." அட்டையைக் காட்டினேன். "இப்படித்தான் இருப்பா. நவம்பர்ல போயிட்டா. நெஞ்சுல ஓட்டை. நான் இங்கதான் ஜோடி சேத்துட்டிருந்தேன் அப்போ. பெரியம்மா இல்லைங்க. பெரியம்மா நல்லா இருக்காங்க."

கதிரேசன் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லூசுப் பிள்ளை என்று சொன்னதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"இருபத்தெட்டுக்குள்ள முப்பத்தெட்டுப் பெட்டியும் மாறணும். அது முடிஞ்சதும் உன்னைப் பத்திப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து உள்ளே நின்றேன். அன்றைக்கும் இப்படித்தான் திறந்தேன். நீ பாயில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். வெளியே பூட்டிப் போனது பூட்டியபடியே இருந்தது. தூங்குகிறாய் என்று நினைத்து ரசத்தைச் சூடு பண்ணினேன். சோறு போட்டேன். அப்புறம்தான் கூப்பிட்டேன்.

எழுதிவிட்டேன். போதும்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தின லீவு. எங்களுக்கு இல்லை. பெட்டியைக் கவிழ்த்து, ஊசி பிடுங்கி, பிரித்து, மாற்றிச் சேர்க்கிறோம். மஞ்சளை எடுத்தால் என் கை இன்னும் மஞ்சளைத்தான் தேடுகிறது. ஒவ்வொரு தடவையும் கையை நிறுத்தி, போ, நீலத்துக்குப் போ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சேர்த்த பிறகு உன் படத்தை மேலே மாட்ட வேண்டும். உன் படம் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

சுபத்ரா என் எதிரில் உட்கார்ந்து வேலை செய்தாள். நேற்று ஞாயிறும் வேலைதான், முழுக்கப் பேசவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் டீ வந்தபோது திடீரென்று பேசினாள்.

"எம்புள்ளைங்க ரெண்டுக்கும் தலையில பேன் பாத்து விட்டிருக்க. பெரியவ வயசுக்கு வந்தப்ப நீதான் மொதல்ல சீலை எடுத்துக் குடுத்த. அப்பவெல்லாம் உன் வீட்டுல ஒருத்தி உக்காந்திருக்கா?"

"ஆமா."

"என்னை என்னன்னு நெனச்ச? சிரிப்பேன்னு நெனச்சியா?"

சிரிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவளுக்கு அது இன்னும் கோபம்.

"தெரிஞ்சும் சொல்லலியா? அது அதைவிட மோசம்க்கா" என்றாள். டீயைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

ஜனவரி 28, புதன்

மத்தியானம் மூன்று மணிக்குக் கண்டெய்னர் கிளம்பியது. தூத்துக்குடி போய் அங்கேயிருந்து கப்பல். முப்பத்தெட்டுப் பெட்டியும் போய்விட்டது. சோதிக்க வந்தவர் பத்துப் பெட்டி பிரித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கதிரேசன் கேட்டுக்குப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "உன்னை நிறுத்தச் சொல்லி மேல சொல்லிட்டாங்கம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது." கேட்டை அவரே திறந்துவிட்டார். "அன்னிக்கு நான் பேசினது... அது வாயில வந்துருச்சு" என்றார்.

"எல்லாருக்கும் அப்படித்தானுங்க வரும்" என்றேன்.

சுபத்ராவுக்கு ஒன்றும் இல்லை. அவள் வேலை இருக்கிறது, வீடும் இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

தண்ணீர் வந்தது. இரண்டு குடம் பிடித்தேன். ஒன்று போதும்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இன்றைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பத்து மணி இருக்கும், அரிசி களைந்துகொண்டிருந்தேன். தட்டின சத்தம் கேட்டதும் நான் கதவைப் பார்க்கவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தைத்தான் திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. அப்புறம் போய்க் கதவைத் திறந்தேன்.

சுபத்ரா. கையில் ஒரு கவரும் கதம்பமும்.

"கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். "போட்டோ எங்க? பூ வெக்கோணும்."

போட்டோ இல்லை மஞ்சி. உன் ஊனமுற்றோர் அட்டையில் இருக்கிறதே, அது ஒன்றுதான். அதை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகு நேரம் பார்த்தாள்.

"உன் மூக்குத்தான்" என்றாள். "மொகத்தைப் பாரு, ஒரு பேச்சுக்குக்கூடச் சிரிக்கலை."

"போட்டோக்காரரைப் பாத்துப் பயந்துட்டா. வீட்டுல சிரிப்பா."

அட்டையை அலமாரியில் சாய்த்து வைத்துப் பூவை வைத்தாள். கவருக்குள் வடையும் சட்னியும். இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து தின்றோம். அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இடம் காலியாக இருப்பதாக யாரோ சொன்னதைச் சொன்னாள். போய்ப் பார் என்றாள். பார்க்கிறேன் என்றேன்.

சாய்ந்து உட்காரலாம் என்று பீரோ பக்கம் நகர்ந்தவள் அந்தச் சந்தை எட்டிப் பார்த்தாள்.

"இதென்னக்கா, இந்த எடத்துல மட்டும் செவுத்துல எண்ணெய்ப் பிசுக்கு? தலை வெச்ச மாதிரி இருக்குது."

பார்த்தேன். உன் தலை உயரத்துக்கு, வட்டமாக, கறுப்பாக. அதற்குக் கீழே இன்னொன்று, அதைவிட உயரம் குறைவாக. அதற்கும் கீழே இன்னொன்று. தினம் பெருக்குகிற வீடு. ஒரு நாளும் நான் அதைப் பார்த்ததில்லை.

"தெரியலை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. "அவ நிக்கற எடம். யாராச்சும் வந்தா அங்க போயி நின்னுக்குவா" என்றேன்.

சுபத்ரா வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

அவள் போன பிறகு நான் அந்தச் சந்துக்குள் நின்று பார்த்தேன். என்னால் நுழைய முடியவில்லை, பாதி உடம்புதான் போயிற்று. அங்கேயிருந்து பார்த்தால் கதவு தெரியவில்லை. அடுப்பு தெரிகிறது. அடுப்பு முன்னால் நான் நிற்கிற இடம் தெரிகிறது.

சிலிண்டர்காரர் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரி வந்தாலும், தட்டின உடனே நீ அங்கே போய்விடுவாய். வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, உஷ் என்பாய், நான் சத்தம் போட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி. நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை, நினைத்துக்கொண்டேன். ஆனால் உன்மேல் ஆணை, போய் நில் என்று நான் ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. ஒன்று, இரண்டு எண்ணவே உனக்கு வராது. இடது வலது தெரியாது. உன் முழுப் பேரைச் சொல்லக்கூட உனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் எப்படி மஞ்சி, உன்னை நான் யாருக்கும் காட்ட மாட்டேன் என்பது மட்டும் உனக்குத் தெரிந்தது?